ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு வாசிப்பு

2024 நவம்பர் 25 அன்று தில்லியில் கூடிய மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். வாசிக்கக்கூடியவர்கள், அரசு நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடங்களிலும் உள்ள 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். நிர்வாகப் பொறுப்பு காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்திடம். 2025 ஜனவரி 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

தொகையைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் அவ்வளவு இல்லை. ஆண்டுக்கு 2,000 கோடி. தலைக்குச் சுமார் 1,100 ரூபாய். நிறுவனத்துக்குச் சுமார் 32 லட்சம். வேதியியலில் பெயர்பெற்ற ஓர் இதழுக்குத் தனியாகச் சந்தா கட்டினாலே ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும் என்பதை நூலகர்கள் அறிவார்கள். திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவியும் தில்லி ஐ.ஐ.டி.யில் படிக்கும் மாணவியும் ஒரே கட்டுரையை ஒரே நாளில் திறக்கலாம் என்ற ஏற்பாடு இந்த நாட்டில் இதற்கு முன்பு இருந்ததில்லை. அந்த வகையில் இது நல்ல திட்டம். அதை மறுத்துவிட்டு மேலே பேசுவது நேர்மையாகாது.

ஆனால் பணம் கொடுத்து வாங்கியிருப்பது வாசிக்கும் அனுமதியை மட்டுமே. கடந்த பத்தாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதே பதிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தங்களின் மையக் கேள்வி வேறு. எங்கள் ஆசிரியர்கள் எழுதுவதை உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க முடியுமா என்பதே அங்கே பேச்சு. திறந்த அணுகல் என்று சொல்வது இதைத்தான். ஒரு நாடு முழுவதற்குமாக ஒரே மேசையில் பேரம் பேசிய இந்தியா, விலையைக் குறைப்பதில் காட்டிய முனைப்பை உரிமையைக் கேட்பதில் காட்டவில்லை என்பது என் கணிப்பு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தில்லிக்கும் ஆய்விதழ் தட்டுப்பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. யுனெஸ்கோ உதவியோடு 1952-ல் தில்லியில் தொடங்கப்பட்ட இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று, நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கடிதம் போட்டுக் கேட்கும் விஞ்ஞானிக்கு வெளிநாட்டுக் கட்டுரையின் நகலை எடுத்து அனுப்புவது. அது போதாதபோது, கட்டுரை எழுதியவருக்கே அஞ்சலட்டை போட்டுப் பிரதி கேட்பார்கள். அந்த அட்டைகளை மொத்தமாக அச்சடித்து வைத்திருந்த துறைகள் உண்டு. 1988-ல் தில்லி நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல்களைப் பகிர்ந்துகொள்ள டெல்நெட் உருவானதும் இந்தத் தட்டுப்பாட்டின் விளைவுதான். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, டாலரிலும் பவுண்டிலும் சந்தா கட்டிவந்த நூலகங்கள் ஒரே இரவில் ஏழையாயின. இதழ்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பல பல்கலைக்கழகங்களில் பைண்டு செய்த தொகுதிகளின் வரிசை தொண்ணூறுகளில் சட்டென்று அறுந்து நிற்பதை இன்றும் அலமாரிகளில் பார்க்கலாம்.

இணையம் வந்தபின் கூட்டாக வாங்கும் முறை வந்தது. ஐ.ஐ.டி.க்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் 2003-ல் இன்டெஸ்ட் கூட்டமைப்பு. அதன் தலைமையகம் தில்லி ஐ.ஐ.டி. பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி. இன்ஃபோநெட். வேளாண் ஆய்வுக்கு செரா, உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு டெல்கான், சி.எஸ்.ஐ.ஆர். கூடங்களுக்கு இன்னொன்று, மருத்துவத்துக்கு வேறொன்று. 2015-ல் சிலவற்றைச் சேர்த்து இ-ஷோத்சிந்து ஆக்கினார்கள். கடைசியில் பார்த்தால், ஒரே அரசின் வெவ்வேறு துறைகள் ஒரே பதிப்பாளரிடம் ஒரே இதழுக்குத் தனித்தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தன. இதை ஒன்றாக்கினால் மிச்சப்படும் என்பது புரிய நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை. 2020 இறுதியில் வெளியான அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையின் வரைவில் ஒரே சந்தா யோசனை எழுத்தில் வந்தது. அந்த வரைவின் கனவு பெரியது: நாட்டின் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஆய்விதழ்கள். நான்கு ஆண்டு பேரத்துக்குப் பிறகு வந்த முதல் கட்டத்தில் குடிமகன் காணாமல் போய், அரசு நிறுவனத்தின் அடையாள எண் வைத்திருப்பவர் மட்டும் மிஞ்சினார். தனியார் கல்லூரிகள் இரண்டாம் கட்டத்துக்கும் பொது நூலகங்கள் மூன்றாம் கட்டத்துக்கும் தள்ளப்பட்டன. தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்களில் பெரும்பகுதியினர் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்தத் தள்ளிவைப்பு நமக்கு எவ்வளவு பெரிது என்று புரியும். நகரத்தில் கிளினிக் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், பல்கலைக்கழகத்தைச் சாராத வரலாற்று ஆய்வாளர் ஆகியோரும் வெளியேதான் நிற்கிறார்கள்.

வெளியே நிற்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் தில்லியே சாட்சி. இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை. பாடத்திட்டத்தில் சொன்ன நூல்களிலிருந்து வேண்டிய அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது அந்தக் கடை. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூவரும் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது சட்டம் கொடுத்த உரிமை, சட்டம் வைத்த எல்லைக்குள் அது நிற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மேல்முறையீட்டு அமர்வு டிசம்பரில் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும் அடிப்படைக் கருத்தை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பாளர்கள் தாமாகவே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உலகெங்கும் பதிப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்று அந்தச் சிறு கடையின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழக்கின் போக்கு நேர்மாறு. 2020 டிசம்பரில் எல்சவியரும் வைலியும் அமெரிக்க வேதியியல் சங்கமும் சை-ஹப், லிப்ஜென் தளங்களை முடக்கக் கோரித் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் தொடங்கிய சை-ஹப், கோடிக்கணக்கான கட்டுரைகளைக் கட்டணமில்லாமல் கொடுத்துவந்தது. சட்டப்படி அது மீறல்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் ஏற்கெனவே தோற்றிருந்த தளம் தில்லியில் மட்டும் எதிர்வழக்காடியது, காரணம் அந்த 52-ஆம் பிரிவு. தில்லி அறிவியல் மன்றமும் விஞ்ஞானிகள் சிலரும் தாமாக முன்வந்து, இந்தத் தளத்தை மூடினால் நம் ஆராய்ச்சி முடங்கும் என்று மனுப் போட்டார்கள். வழக்கு நடக்கும்வரை புதிய கட்டுரைகளை ஏற்றுவதில்லை என்று எல்பாக்யான் உறுதி கொடுத்தார். பின்னால் அந்த உறுதியை மீறினார் என்று நீதிமன்றம் கண்டது. 2025 ஆகஸ்டில் சை-ஹப்பை முடக்க உத்தரவு பிறந்தது. ஒரே சந்தா நடைமுறைக்கு வந்த எட்டாவது மாதம் அது. இதில் திட்டமிட்ட தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. அரசு நிறுவனத்துக்குள் இருப்பவருக்கு அரசு வழி திறந்த அதே ஆண்டில், வெளியே இருப்பவரிடமிருந்த முக்கிய வழி அடைபட்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆய்விதழ்ப் பதிப்பின் பொருளாதாரம் விசித்திரமானது. எழுதுபவருக்குச் சம்பளம் தருவது அரசு. எழுதியதைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர் இலவசமாக உழைக்கிறார். இரண்டும் முடிந்தபின் பதிப்பாளர் அதை நூலகத்துக்கு விற்கிறார். வாங்குவதும் அரசுப் பணமே. எல்சவியரின் தாய் நிறுவனமான ரெலக்ஸ், 2023-ல் தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் நூறு ரூபாய் வருமானத்துக்கு 38 ரூபாய் அளவில் லாபம் காட்டியது. இதை எதிர்த்துத்தான் 2002-ல் திறந்த அணுகலைக் கோரும் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. எழுதியவர் கட்டுரையின் இறுதிப் பிரதியைத் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக வைப்பது பச்சை வழி. இதழே திறந்திருப்பது பொன் வழி. பதிப்பாளர்கள் பொன் வழியைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் செலவை எழுதுபவர்மீது ஏற்றினார்கள். ஏ.பி.சி. என்று ஆய்வாளர்கள் சொல்லும் கட்டுரைக் கட்டணம் இப்படிப் பிறந்தது.

‘நேச்சர்’ இதழில் கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று 2020 நவம்பரில் அறிவித்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் எட்டரை லட்சம் ரூபாய். இன்று ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கும் பிஎச்.டி. மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். ஒரு கட்டுரையை உலகுக்குத் திறந்துகாட்ட, அதை எழுதிய மாணவரின் ஏறக்குறைய இரண்டு வருட உதவித்தொகை வேண்டும். சாதாரண இதழ்களில் கட்டணம் இதைவிடக் குறைவு என்றாலும், இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் என்பது பரவலாகக் கேட்கும் தொகை. சென்னையின் சுப்பையா அருணாசலம் நீண்ட காலமாக இந்தியாவில் திறந்த அணுகலுக்கு வாதாடிவந்த தகவலியல் அறிஞர். அவரும் முத்து மாதன் உள்ளிட்ட உடன் ஆய்வாளர்களும் 2017-ல் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில், இந்திய ஆய்வாளர்கள் ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் டாலர் இப்படிக் கட்டுகிறார்கள் என்று மதிப்பிட்டு, கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டார்கள். திறந்த அணுகலுக்காகப் போராடியவர்களே திறந்த அணுகல் கட்டணத்தை எதிர்க்க வேண்டிவந்தது இந்த வரலாற்றின் கசப்பான திருப்பம்.

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கண்ட விடை, வாசிப்பையும் வெளியீட்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டுவது. ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு வைலியுடன் 2019-லும் ஸ்பிரிங்கர் நேச்சருடன் 2020-லும் கையெழுத்திட்டது. வைலி ஒப்பந்தத்தில் கட்டுரைக்கு 2,750 யூரோ; அதற்குள் வாசிப்பும் அடக்கம். எல்சவியர் படியவில்லை. ஜெர்மன் நூலகங்கள் சந்தாவைக் கைவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 2023 செப்டம்பரில்தான் உடன்பாடு வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்சவியரை விட்டு விலகி, 2021 மார்ச்சில் தன் நிபந்தனைகளோடு திரும்பியது. விலகத் துணிந்தவர்களுக்கே பேரம் படிந்தது.

இந்த ஒப்பந்தங்களை இந்தியா அப்படியே காப்பியடிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் வெளியாகின்றன. எண்ணிக்கையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனி கொடுத்த விலையைக் கொடுத்தால் 55 கோடி யூரோ, அதாவது ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய், ஒரே ஆண்டுக்கு. இப்போது கட்டும் சந்தாவைப் போல இரண்டரை மடங்கு. தவிர, அந்த ஒப்பந்தங்கள் எழுதிக் குவிக்கும் பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கே சாதகம். நைஜீரியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் படிக்கலாம், எழுத முடியாது. எல்லா இதழ்களும் சீக்கிரம் முழுக்கத் திறந்துவிடும் என்ற வாக்குறுதியும் பலிக்கவில்லை. இப்போதைய வேகத்தில் போனால் ஐந்து பெரும் பதிப்பாளர்கள் முழுமையாக மாற எழுபது ஆண்டுகளாவது ஆகும் என்று பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு 2024-ல் கணக்கிட்டது. திறந்த அணுகலை வலியுறுத்தும் ஐரோப்பிய நிதியமைப்புகளின் ‘பிளான் எஸ்’ கூட்டணியும் 2024-உடன் இத்தகைய ஒப்பந்தங்களுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அந்தக் கூட்டணியில் இந்தியா சேரும் என்று 2019 தொடக்கத்தில் அன்றைய முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவன் அறிவித்தார். அதே ஆண்டின் இறுதிக்குள் சேரப்போவதில்லை என்று தெளிவாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பின்வாங்கல் தவறாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வழியை மறுத்தவர்கள் இன்னொரு வழியில் நடந்திருக்க வேண்டும். பச்சை வழிக்கு இந்தியாவில் அடித்தளம் இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே களஞ்சியம் தொடங்கியது. பொது நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைத்தாக வேண்டும் என்று உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கூட்டாகக் கொள்கை வகுத்தன. இரண்டின் அலுவலகமும் தில்லியில். கொள்கை நல்ல கொள்கை. வைக்காதவர்களிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முனைவர் பட்ட ஆய்வேடுகள் விஷயத்தில், மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2009-ல் விதியாக்கியது. விளைவு, ஷோத்கங்கா தளத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள், தமிழ் இலக்கிய ஆய்வேடுகள் உட்பட, யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. விதி இருந்தால் நடக்கிறது.

ஒரே சந்தாத் திட்டத்தில் வெளியீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு: தேர்ந்த திறந்த இதழ்களில் எழுதுபவர்களின் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 150 கோடி ரூபாய். நாட்டின் மொத்தக் கட்டுரைகளுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 7,500 ரூபாய்க்கும் குறைவு. இரண்டாயிரம் டாலர் வீதம் முழுக் கட்டணமாகவே கொடுத்தால் ஒன்பதாயிரம் கட்டுரைகளைத் தாண்டாது. யாருக்குக் கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஏற்கெனவே பெரிய இதழ்களில் எழுதும் பெரிய நிறுவனங்களுக்கு. இந்தத் தொகையை நம் சொந்த இதழ்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. சர் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்கள் அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்ஸ்டாக்கின் வாரிசாகத் தில்லியில் இயங்கும் நிஸ்பர் நிறுவனமும் தன் இதழ்களைத் திறந்தே வைத்திருக்கிறது. பிரேசில் 1998-ல் தொடங்கிய சைலோ வலையமைப்பு, வாசகரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் வாங்காமல் பொதுப்பணத்தில் இதழ் நடத்த முடியும் என்பதை லத்தீன் அமெரிக்கா முழுவதும் காட்டியிருக்கிறது. இந்தியாவில் அந்தப் பாதையில் இருப்பவை ஆள்பற்றாக்குறையில் தவிக்கின்றன. தமிழியல் ஆய்விதழ்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்; 13,000 இதழ்களின் பட்டியலால் தமிழ்த்துறை ஆய்வாளருக்குக் கிடைப்பது சொற்பம்.

நம் இதழ்களில் ஏன் எழுதுவதில்லை என்று ஆசிரியர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: பதவி உயர்வுக்கு உதவாது. கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆராய்ச்சிக்கு மதிப்பெண் போட எடுத்துக்கொள்ளும் தரவு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய ஆய்விதழ்த் தரவுத்தளங்களிலிருந்து வருகிறது. ஸ்கோபஸ் எல்சவியருடையது. இதழ்களை விற்பவரே எந்த இதழ் கணக்கில் வரும் என்ற பட்டியலையும் வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை வைத்து அரசு பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துகிறது. வரிசையில் ஏற விரும்பும் பல்கலைக்கழகம் தன் ஆசிரியரை அந்த இதழ்களை நோக்கித் தள்ளுகிறது. பிறகு அதே அரசு அதே இதழ்களுக்கு விலை பேச உட்கார்ந்தால் எந்தப் பலத்தோடு உட்காரும்? போலி இதழ்களைக் களைய யு.ஜி.சி. கொண்டுவந்த கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டார்கள். இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றார்கள். பல இடங்களில் அது ஸ்கோபஸ் பட்டியலை எடுத்துக்கொள்வதில் போய் முடியும்.

உரிமையைக் கேட்காமல் விட்டதன் விலைக்கு அண்மை எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2024-ல் டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபோர்மா, தன் உள்ளடக்கத்தை மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவுப் பணிக்குத் திறந்துவிட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றது. எழுதிய பேராசிரியர்கள் பலர் செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பதிப்புரிமையை எழுதிக்கொடுத்தபோது கையெழுத்திட்ட படிவத்தில் எல்லாம் அடங்கியிருந்தது.

இப்போதைய ஏற்பாடு வாடகை வீடு போன்றது. மூன்று ஆண்டுக் கெடு 2027 டிசம்பர் 31-உடன் முடிகிறது. மறுபடி பேச உட்காரும்போது, இந்திய நிறுவனத்தில் இருந்து எழுதும் எவரும் தன் கட்டுரையின் ஏற்கப்பட்ட பிரதியைக் கட்டணமோ காத்திருப்புக் காலமோ இல்லாமல் களஞ்சியத்தில் வைக்கலாம் என்ற ஒரு வரியை 30 பதிப்பாளர்களின் ஒப்பந்தத்திலும் சேர்க்கச் சொல்ல வேண்டும். சந்தா நின்றுபோனாலும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நம்மிடம் இருக்க வேண்டும். எந்தப் பதிப்பாளருக்கு எவ்வளவு என்ற விவரம் பொதுவில் வர வேண்டும்; அமைச்சரவை அறிவிப்பில் மொத்தத் தொகைதான் இருந்தது, ஜெர்மனியில் ஒப்பந்தத்தையே இணையத்தில் போட்டார்கள். மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளிய பொது நூலகங்களைப் பொறுத்தவரை, தில்லி பொது நூலகத்திலும் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் நாலு கணினிகளில் இதழ்களைத் திறந்துவிடுவதால் பதிப்பாளரின் வியாபாரம் எந்த வகையிலும் கெடாது. இதற்குத் தனிப் பேரம் வேண்டுமா என்ன?

அரசு கேட்கும்வரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் 2008 பிப்ரவரியில் வாக்களித்து ஒரு தீர்மானம் போட்டார்கள்: தாங்கள் எழுதும் கட்டுரைகளைத் திறந்து வெளியிடும் உரிமை, எந்தப் பதிப்பாளருக்கு எழுதிக்கொடுப்பதற்கும் முன்பே, பல்கலைக்கழகத்துக்கு உண்டு. வேண்டாதவர் விலக்குக் கேட்டுப் பெறலாம். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலோ தில்லிப் பல்கலைக்கழகத்திலோ கல்விக் குழுவில் இதே போன்றதொரு தீர்மானத்தை முன்மொழிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்தால் போதும். கட்டுரைகளை வைக்கச் சர்வர் ஒன்றும், வைக்காதவர்களிடம் விடாமல் கேட்டு வாங்கும் நூலகர் ஒருவரும் அதற்கு வேண்டும். பதிப்பாளரின் சம்மதம் வேண்டாம்.